இருபத்தாறு பல்

கரிநாளன்று கருவேப்பிலங்குறிச்சியில் மாமியார் வீட்டு விருந்து முடிந்து எழுந்ததுமே கோவிந்தராசுவுக்கு வயிறு எரியத் தொடங்கியது. கோழிக் குழம்பில் குற்றமில்லை. எரிச்சலுக்குக் காரணம் ஒரு சாண் அகலத் தேக்குப் பெட்டி. இளைய மருமகன் திருமால், சிங்கப்பூரில் மரப் பட்டறையில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன், மாமியாருக்கென்றே செய்து கொண்டுவந்திருந்த நகைப்பெட்டி.

மாமியார் சொர்ணாம்பாள் அதன் இழுப்பறையை இழுத்தாள், தள்ளினாள், மறுபடியும் இழுத்தாள்.

"பாருங்க மூத்த மாப்ள, எண்ண வுட்ட மாதிரி போவுது. ஒரு ஆணி இல்ல, ஒரு ஸ்க்ரூ இல்ல. மூலையப் பாருங்க, பல்லுக்குப் பல்லு எப்படி கடிச்சிக்கினு நிக்கிது!"

மூத்த மாப்பிள்ளையும் தச்சன்தான். அதுதான் தொல்லை. ஜவுளிக்கடை வைத்திருந்தால் "நல்லா இருக்குதுங்க அத்த" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டிருப்பான். கோவிந்தராசு விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டை ஒட்டிப் பட்டறை வைத்திருப்பவன். கப்பும் சாசரும் பொம்மையும் லாரி ஏறிப் போகிற பெட்டிகளில் பாதி அவன் அடித்தது. அதுபோகக் கட்டில், பீரோ, நிலை, கதவு. இந்த டவ்டெயில் மூட்டு அவனுக்குத் தெரியாததா? புறா வாலை விரித்த மாதிரி ஒரு பலகையில் பல்லும் மறு பலகையில் அதற்கேற்ற பள்ளமும் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைக் கோப்பது. தெரியும். உளியால் ஒரு மூலை செதுக்க அவனுக்கு அரை நாள் பிடிக்கும். செதுக்கி முடித்த பிறகும் இடுக்கு இருக்கும். மரத்தூளில் பசையைக் குழைத்து இடுக்கில் அப்பி, மேலே பாலீஷ் போட்டு மூடிவிடுவான். அப்பியது வாங்குகிறவன் கண்ணுக்குத் தெரியாது. அவனுக்கு மட்டும் தெரியும்.

திருமாலின் பெட்டியில் அப்பல் இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் கோவிந்தராசு மூட்டில் நகத்தை விட்டுப் பார்த்தான். நகம் நுழையவில்லை.

"கையாலயா?" என்று கேட்டான், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"ஐயோ, கையால எனக்கு எங்க சகல வரும்?" என்று சிரித்தான் திருமால். "ஜிக் இருக்குது. பலகைய அதுல மாட்டிப்புட்டு, மேல சீப்பு மாதிரி இருக்கிற தகட்டுப் பல்லுக்குள்ள கிர்ருன்னு சுத்துற ரூட்டர் மிஷின ஓட்டுனா அதுபாட்டுக்கு வெட்டிக்கினு போவும். ஒரு மூலைக்கு பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா!" சொர்ணாம்பாள் கன்னத்தில் கை வைத்தாள். கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டாள். கடைசிப் பெண் மதிவதனிக்குத் திட்டக்குடியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. வைகாசியில் கல்யாணம். சீரில் வைக்கிற டிரஸ்ஸிங் டேபிளைச் சின்ன மாப்பிள்ளையே செய்யட்டும்.

இரண்டாவது பெண் வாசுகியை இதே திருமாலுக்குக் கட்டிக் கொடுத்தபோது கட்டிலும் பீரோவும் செய்து வண்டியில் ஏற்றியவன் கோவிந்தராசு. மூத்த மருமகன் கைபடாமல் அந்த வீட்டிலிருந்து ஒரு சீரும் வெளியே போனதில்லை. இனிமேல் போகும் என்று ஆகிவிட்டது. அதை அவனிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அமிர்தம் கேட்டாள். "மூஞ்ச ஏங்க இப்படி தூக்கி வச்சிக்கினு வரீங்க? அவரும் நம்ம வூட்டு ஆளுதான?"

"அதான்டி எரியுது" என்றான் அவள் புருஷன்.

உண்மைதான். அசலூர்க்காரன் எவனாவது அந்தப் பெட்டியைச் செய்திருந்தால் கோவிந்தராசு பஸ்ஸில் குறட்டை விட்டுக்கொண்டு வந்திருப்பான். சகலை செய்ததுதான் சகிக்கவில்லை.

அடுத்த வாரம் மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினான். அந்தப் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. நகை காணாமல் போனாலும், வரப்பை நகர்த்தினாலும், கொடுத்த வாக்கை ஒருவன் மாற்றினாலும், தாலுகா ஆபீஸில் மனுக் கொடுக்கிற மாதிரி வெள்ளைத் தாளில் தன் பெயர், ஊர், எதிராளி பெயர், குறை எல்லாம் எழுதிச் சாமி காலடியில் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். சாமி விசாரித்துக்கொள்வார். தீர்ந்துவிட்டால் மறுபடி போய் ராஜினாமா கொடுத்து வழக்கை வாபஸ் வாங்கிவிட வேண்டும்.

எதிராளி பெயர் வரை கடகடவென்று எழுதிவிட்டான். குறை எழுதும் இடத்தில் பேனா நின்றது. திருமால் எதையும் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. நல்ல பெட்டி ஒன்று செய்தான், அவ்வளவுதான். அதைச் சாமியிடம் குற்றமென்று எழுத முடியுமா? யோசித்து, "மேற்படி நபர் மிஷினை வைத்துக்கொண்டு என் மரியாதையைப் பறித்துவிட்டார். அந்த மிஷின் அவருக்கு உதவக் கூடாது" என்று எழுதிச் சுருட்டினான். கட்டிவிட்டு வெளியே வந்தபோது மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும் சாமி தலையிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை அவன். ஜிக் ஒன்று வாங்கிவிட வேண்டும். திருமாலுடையதைவிடப் பெரிதாக வாங்க வேண்டும். அதற்குத் திருமாலுடையது எவ்வளவு பெரிது என்று தெரிய வேண்டும். அவனிடமே கேட்டால் தெரிந்துவிடும். கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது கோவிந்தராசுவுக்கு.

ஆகவே வடகம் கொடுக்கிற சாக்கில் அமிர்தத்தை ஆலடி ரோட்டில் இருந்த தங்கை வீட்டுக்கு அனுப்பினான். வீட்டுக்குப் பின்னால்தான் திருமாலின் பட்டறை.

"அதுல இன்னாத்தப் பாக்கணும் நானு?" என்றாள் அமிர்தம்.

"நீளம் பாரு. பல்லு எத்தினின்னு எண்ணிக்கினு வா."

சாயங்காலம் வந்து சொன்னாள். "முழம் போட்டுப் பாத்தன். முக்கா முழத்துக்கு கொஞ்சம் கம்மி. பல்லு பதிமூணு. எண்ணிக்கினு இருக்கும்போதே வாசுகி வந்துட்டா. இன்னாக்கா பண்றன்னா. தூசி தொடைக்கிறன்டின்னு சொல்லிட்டு முந்தானையால தொடச்சன். உங்களால அவங்க வூட்டு மிஷினத் தொடச்சிட்டு வரேன் நானு."

"பதிமூணு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான் கோவிந்தராசு. எதிரியின் பலம் தெரிந்துவிட்டது.

அமிர்தம் வளர்த்த இரண்டு கிடாயும் வேப்பூர் சந்தைக்குப் போயின. மூன்று நாள் அவள் அவனோடு பேசவில்லை. அவன் ரயிலேறி மெட்ராஸ் போய்ப் பாரிமுனையில் மரவேலை மிஷின்கள் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தான்.

கடைக்காரர் பொறுமைசாலி. மூன்று ஜிக்குகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எல்லாருக்கும் ஒரே ஜிக் ஒத்து வராதுங்க. நீங்க செய்யறது ட்ராயரா, பெரிய பெட்டியா? பலகை கனம் எவ்வளவு? உங்ககிட்ட என்ன ரூட்டர் இருக்கு? இத மூணையும் சொன்னீங்கன்னா எது வேணும்னு நானே சொல்லிடுவேன்."

கோவிந்தராசு மூன்றுக்கும் பதில் சொல்லவில்லை. "இதுல எதுக்கு பல்லு அதிகம்?" என்றான்.

"பல்லா?" கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ட்ராயருக்கு இந்தச் சின்னது போதும், பன்னெண்டு இன்ச். இந்த நடுவுல இருக்கறது பல்ல நகத்திக்கலாம், இடைவெளி உங்க இஷ்டம். இது இருபத்திநாலு இன்ச், அகலமான பலகைக்கு. ஆனா இதுக்கு ரூட்டர்ல மாட்டற பிட்டு இருக்கே, வெட்டற அலகு, அதோட தண்டு அரை இன்ச்சு. உங்க ரூட்டர் வாய் அரை இன்ச்சு எடுக்குமா? பாத்துட்டு வந்து வாங்குங்க, அவசரமில்ல."

"எடுக்கும்" என்றான் கோவிந்தராசு. அவன் காதில் ஒன்றும் விழவில்லை. எண்ணிக்கொண்டிருந்தான். இருபத்தாறு. பதிமூன்றுக்குச் சரியாக இரண்டு மடங்கு. இப்படி ஒரு கணக்கு அமைவது சாமி காட்டுகிற வழி இல்லாமல் வேறென்ன?

ரயிலில் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. விருத்தாசலம் வந்து, பட்டறையைத் திறந்து, பிட்டை எடுத்து ரூட்டர் வாயில் வைத்தான். நுழையவில்லை. எஸ்டேட்டில் ஒரு கம்பெனி மூடியபோது பழசாக வாங்கிய ரூட்டர் அது. வாய் கால் இன்ச்சு. மூக்குத் துளையில் கட்டைவிரலை நுழைக்கிற கதைதான். திருப்பிப் பார்த்தான், எண்ணெய் போட்டுப் பார்த்தான், கெட்ட வார்த்தை சொல்லிப் பார்த்தான்.

திருப்பிக் கொடுக்கலாம். அந்தக் கடைக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது? வேறு ரூட்டர் வாங்கலாம். விற்க இன்னொரு ஜோடி கிடாய் இல்லை. கடைசியில், ஜிக்கை வாசலைப் பார்த்த மாதிரி மேடையில் முடுக்கி வைத்துவிட்டுப் பழையபடி ஆணிப் பெட்டி அடிக்க உட்கார்ந்தான். பீங்கான் கம்பெனி ஆட்கள் டீக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, புது மிஷினா? எப்படி வெட்டுது?" என்று கேட்டார்கள். "பிரமாதமா வெட்டுது" என்றான். எஸ்டேட்டின் வெள்ளை மண் தூசி இருபத்தாறு பல்லிலும் படிந்தது. தினம் காலையில் துடைத்து வைத்தான்.

பங்குனியில் மதிவதனிக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் இரண்டு மருமகன்களும் அடுத்தடுத்த இலை. பாயசம் வந்தபோது கோவிந்தராசு, யாரும் கேட்காமலே, "நானும் ஒரு ஜிக் வாங்கிப் போட்டுட்டன் சகல" என்றான்.

"அப்படியா! எத்தினி இன்ச்?"

"இருவத்தினாலு. இருவத்தாறு பல்லு."

திருமாலின் சிரிப்பு பாதியில் நின்றது. கோவிந்தராசு அதைப் பார்த்தான். அன்றைக்குப் பாயசம் அவனுக்குத் தித்தித்தது போல யாருக்கும் தித்தித்திருக்காது.

"அப்ப உங்களுது பெருசுங்களா மூத்த மாப்ள?" என்றாள் கரண்டியோடு நின்ற மாமியார்.

"ரெண்டு மடங்குங்க அத்த."

திருமால் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ட்ராயரு மட்டும் இல்ல அத்த. டேபிளோட பொட்டியவே டவ்டெயில்ல கோக்கலாம்னு இருக்கறன். ஸ்க்ரூவே இல்லாம."

சித்திரை பாதியில் ஒரு மத்தியானம் வாசுகி போன் செய்தாள். "மாமா, ரூட்டரு அவரு கையில ஏறிடுச்சு மாமா. ரத்தம் நிக்கல. பாலக்கரைகிட்ட டாக்டர்கிட்ட இட்டாந்திருக்கறன்" என்று அழுதாள்.

கோவிந்தராசு சைக்கிளை மிதித்தான். வழியெல்லாம் அந்த வெள்ளைத் தாள்தான் கண்முன் நின்றது. உதவக் கூடாது என்றுதானே எழுதினேன் சாமி? கையையா கேட்டேன்? பிராது கட்டியவன் நான், எனக்கு இப்படி ஒரு தீர்ப்பு வேண்டாம். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போய் முடிகிறவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றான்.

இடது கை. இரண்டு விரலில் தையல். எலும்பு தப்பித்தது, நரம்பு பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசுகி டீ வாங்கப் போனதும் திருமால் மெல்லச் சொன்னான்.

"பொட்டிப் பலகை அகலம் பதினெட்டு இன்ச் சகல. என்னுது பன்னெண்டுதான். பாதி வெட்டிட்டு, பலகைய நவுத்தி மாட்டி மீதிய வெட்டிடலாம்னு பாத்தன். நவுத்தனதுல சரியா புடிக்கல. ஒரு கையால அழுத்திக்கினே ஓட்டுனன். பலகை துள்ளிடுச்சு."

"உனக்கு அறிவு இருக்குதா? பொட்டிக்கு ஸ்க்ரூ போட்டா யாருடா கேக்கப் போறாங்க? ட்ராயருக்கு மட்டும் போட்டிருந்தா போதாதா?"

"நீங்க இருவத்தினாலு வாங்கிட்டீங்களே."

கோவிந்தராசு பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"சிங்கப்பூர்ல முதலாளி பட்டறையில அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. தெனம் பாத்துக்கினு இருந்தன். வாங்க முடியல. நீங்க வூட்டுலயே இருந்துக்கினு வாங்கிப்புட்டீங்க. நெசமா சொல்றன் சகல, அன்னிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல."

அதுவரை சாமிமேல் போட்டு வைத்திருந்த பாரம் திரும்பிக் கோவிந்தராசுவின் தலையிலேயே வந்து உட்கார்ந்தது. வேலில் கட்டிய தாள் இந்தக் கையைக் கிழிக்கவில்லை. பாயசம் குடித்துக்கொண்டே தான் அடித்த சவடால்தான் கிழித்தது. தூசி துடைத்துத் துடைத்து வைத்திருக்கிற, ஒரு பல்கூட வெட்டாத ஒரு மிஷினைப் பற்றிய சவடால். அவனுக்கு அழுகை வந்தது. அழுகைக்கு அடியில், இவனுக்கு என்மேல் பொறாமையா என்று ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது. அதற்காக வெட்கப்பட்டான். வெட்கப்பட்டும் அது போகவில்லை.

"அது இன்னும் ஒரு வெட்டுகூட வெட்டலடா" என்றான். "என் ரூட்டரு கால் இன்ச்சு. பிட்டு நொழையல. வந்த அன்னிலேர்ந்து சும்மா வாசலப் பாத்துக்கினு நிக்கிது."

திருமால் அவனையே பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். சிரித்தால் கை வலித்தது. வலித்தும் நிறுத்தவில்லை. "என்னுது அரை இன்ச்சு வாயி சகல" என்றான், கண்ணில் தண்ணீரோடு. "சிங்கப்பூருது."

கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. மூத்தவன் ஜிக்கில் இளையவன் ரூட்டர் ஏறியது. பலகைகள் ஆலடி ரோட்டிலிருந்து எஸ்டேட் பட்டறைக்கு வந்தன. திருமாலும் வந்து, கட்டுப் போட்ட கையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். உத்தரவு போட விரல் தேவையில்லை, வாய் போதும் என்பது கோவிந்தராசுவுக்கு அன்றுதான் விளங்கியது.

"வேண்டாத பலகையில மொதல்ல வெட்டிப் பாருங்க. நல்லதுல கை வைக்காதீங்க."

வெட்டினான். கோத்தான். மூட்டு லொடலொடவென்று ஆடியது.

"பிட்ட இன்னும் கொஞ்சம் எறக்குங்க. ஆழம் கூடுனா இறுக்கம் கூடும்."

"தெரியும்டா" என்றான் கோவிந்தராசு. தெரியாது.

இறக்கினான். இப்போது நுழையவே மறுத்தது. "ரொம்ப எறக்கிட்டீங்க, ஒரு மயிரிழ ஏத்துங்க" என்றது ஸ்டூல். சுத்தியலைத் தூக்கி அந்த ஸ்டூல்மேல் போடலாமா என்றுகூட இருந்தது. ஏற்றினான். மறுபடி வெட்டிக் கோத்தபோது பலகை பலகைக்குள் அடங்கி இறங்கியது. உள்ளங்கையால் ஒரு தட்டுத்தான் தட்டினான். நகத்தை வைத்துப் பார்த்தான். நுழையவில்லை. மரத்தூளும் பசையும் கலக்கிற கிண்ணம் அலமாரியில் காய்ந்து கிடந்தது. அவன் செய்த மூட்டுகளில் அதைத் தேடாத முதல் மூட்டு அதுதான்.

பதினெட்டு இன்ச் பெட்டி, நான்கு இழுப்பறை, கண்ணாடிச் சட்டம். வெட்டினது, இழைத்தது, தேய்த்தது, பாலீஷ் போட்டது எல்லாம் கோவிந்தராசு. திருமால் வாய் மட்டும்.

கல்யாண மண்டபத்தில் சீர் வரிசையை வைத்திருந்த இடத்தில் கூட்டம். மாப்பிள்ளையின் அம்மா கமலம், திட்டக்குடியிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்களோடு நின்று இழுப்பறையை இழுத்தாள், தள்ளினாள், மறுபடியும் இழுத்தாள்.

"யாருங்க சம்மந்தி இத செஞ்சது? எண்ண வுட்ட மாதிரி போவுது."

கோவிந்தராசு வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தான்.

"எங்க சின்ன மாப்ளைங்க" என்றாள் சொர்ணாம்பாள். குரல் தழுதழுத்தது. "அதோ பாருங்க, கையில எவ்ளோ பெரிய கட்டு. அந்தக் கையோட, கொழுந்தியாளுக்கு கொற வைக்கக் கூடாதுன்னு கூடவே குந்தி செஞ்சு முடிச்சாரு."

"ஐயோ இல்லிங்க" என்று பதறினான் திருமால். "எல்லாம் செஞ்சது சகலதாங்க. மிஷினும் அவருதுதான். நான் சும்மா ஸ்டூல்ல குந்திக்கினு இருந்தன்."

கமலம் கன்னத்தில் கை வைத்தாள். "பாருங்களேன், எவ்ளோ அடக்கமான புள்ள!"

பெண்கள் எல்லாரும் திருமாலின் கட்டைப் பார்த்தார்கள். ஒருத்திக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவன் மறுக்க மறுக்க அவன் புகழ் ஏறிக்கொண்டே போனது. கோவிந்தராசு எடுத்து வைத்த ஓரடியைப் பின்னால் எடுத்து வைத்தான். கட்டுப் போட்ட கையோடு எவன் போட்டி போட முடியும்? அவன் கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதை முதல் தடவையாக ஒரு குறையாக நினைத்தான். சாப்பிடப் போன இடத்தில் அன்றைய பாயசம் மண் மாதிரி இருந்தது.

கல்யாணம் முடிந்த மறுவாரம் மணவாளநல்லூருக்குப் போனான், ராஜினாமா கொடுக்க.

"பிரச்ன தீந்துடுச்சுங்களா?" என்று கேட்டார் அங்கே தாள் வாங்க உட்கார்ந்திருந்தவர்.

கோவிந்தராசு யோசித்தான். சாமி சந்நிதியில் பொய் சொல்ல வரவில்லை. "ஆள வுட்டுடறன்" என்றான். "பிரச்ன அப்படியேதாங்க இருக்குது."

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார். கோவிந்தராசு கொளஞ்சியப்பர் முன்னால் போய்க் கைகூப்பி நின்றான். "அந்த வெரலு ரெண்டும் பழையபடி மடங்கணும் சாமி" என்றான். மனசாரச் சொன்னான். கூடப்பிறந்த தம்பிக்குக்கூட அவன் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. பிறகு, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதே மரியாதை என்று தோன்றி, குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டான். "கட்டோட இருக்கறவன நான் எப்படி ஜெயிக்கிறது?"

விபூதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வீடு வந்தபோது அமிர்தம் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாசுகி போன் பண்ணா. கட்டு பிரிச்சுட்டாங்களாம். ரெண்டு வெரலும் நல்லா மடங்குதாம்."

கோவிந்தராசு கண்ணை மூடித் திறந்தான். நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது.

"வூட்டுக்கு வந்ததும் மொத வேலையா மெட்ராஸ் கடைக்கு போன் போட்டாராம்" என்றாள் அமிர்தம், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு. "முப்பத்தாறு இன்ச்சுல ஜிக் கெடைக்குமான்னு கேட்டிருக்காரு."

வயிற்றில் பழைய இடத்தில் பழையபடி எரிந்தது. அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பல்லு எத்தினியாம்?" என்றான்.